பெருவியப்பு எல்லா மனிதருக்கும் பொதுவானதா? ஓர் எளிய விளக்கம்

சேலத்துச் சமவெளியின் வெக்கையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருபவர்கள், லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே விரிந்து கிடக்கும் நகரத்தை முதன்முறையாகப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். பேச்சு அறுந்துபோகிறது, கண்கள் விரிகின்றன, வாய் சற்றே திறந்துகொள்கிறது, சிலருக்குக் கையில் மயிர் சிலிர்க்கிறது. கைப்பேசியை வெளியே எடுப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில் மனத்தில் எழுவதைத்தான் இக்கட்டுரை பெருவியப்பு என்று அழைக்கிறது. அது உலகத்து மனிதர் எல்லாருக்கும் பொதுவானதா, நம் உடலமைப்பிலேயே வேரூன்றியதா, அல்லது வளர்ப்பும் பண்பாடும் நமக்குள் ஊட்டியதா என்ற கேள்விகள் பழையவை என்றாலும், உளவியலாளர்கள் அவற்றை முறையான சோதனைகளுக்கு உட்படுத்தத் தொடங்கியது பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான்.

முதலில் வரையறை. டாச்சர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் எழுதிய ஒரு கட்டுரையே இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம். அவர்கள் கணக்கில், பெருவியப்பு உண்டாக இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, எதிரில் இருப்பது நம்மைவிட மிகப் பெரியதாகத் தோன்ற வேண்டும். இந்தப் பெருமை உருவத்தில் இருக்கலாம், ஆற்றலில் இருக்கலாம், அறத்தில் இருக்கலாம், ஒரு கருத்தின் வீச்சிலும் இருக்கலாம். மற்றொன்று, அதுவரை நாம் உலகத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தி வந்த மனச்சட்டகத்துக்குள் அது அடங்காமல் போக, அந்தச் சட்டகத்தையே விரித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நேர வேண்டும். இந்த இரண்டாவது கருத்தை அவர்கள் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேயிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாம். மேட்டூர் அணை தன் முழுக்கொள்ளளவான 120 அடியை எட்டி, 16 கண் மதகுகளின் வழியே உபரிநீர் சீறிப் பாயும் நாள்களில் அதைக் காண மக்கள் திரளாகச் செல்கிறார்கள். அங்கே பெருமை என்பது நீரின் வலிமை. புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்துக்கு நிற்கும் முத்துமலை முருகன் சிலையில் பெருமை என்பது உருவம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலிலோ, யாளியின் வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல் உருண்டையைப் பார்ப்பவருக்குக் கண்முன் இருப்பது கைக்குள் அடங்கும் அளவுள்ள ஒரு பொருள்தான். பெரிதாகத் தோன்றுவது, அதைச் செதுக்கிய கையின் திறன். மாறாக, அரசு பொருட்காட்சியில் திடீரென்று வெடிக்கும் பலூன் நம்மைத் திடுக்கிடச் செய்யும், ஆனால் பெருவியப்பில் ஆழ்த்தாது. ஏனெனில் அதில் பெரியது எதுவும் இல்லை, காரணம் தெரிந்த மறுநொடியே மனம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

2003ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் இருக்காது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்நூல், ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்பதையும் வரையறுக்கிறது. அவற்றுள் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, உரிய நூற்பா, ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு, மதிமை சாலா மருட்கை நான்கே’ என்பதாகும். இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, நம்ப முடியாத அளவுக்கு நுண்ணியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகிய நான்கும் வியப்பை எழுப்பும் என்பதோடு, அவ்வேளையில் அறிவு போதாமல் நிற்கிறது என்பதையும் ‘மதிமை சாலா’ என்ற அரையடி சொல்லிவிடுகிறது. கெல்ட்னரும் ஹைட்டும் வைத்த இரு நிபந்தனைகளும் இதனுள் அடங்குகின்றன. என் கருத்தில், சிறுமையையும் தனியே ஒரு காரணமாக வைத்ததால் பழைய பட்டியல் ஒரு படி முந்தியே நிற்கிறது. தாரமங்கலத்துக் கல் உருண்டைக்கு நவீன வரையறையை நீட்டிப் பொருத்த வேண்டியிருக்கிறது. தொல்காப்பியத்திலோ அதற்கு நேராகவே இடம் இருக்கிறது.

இதைக் காட்டி, பெருவியப்பு உலகப் பொதுவானது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? முடியாது. பரதரின் நாட்டிய சாத்திரமும் அற்புத ரசத்துக்கு விழி விரிதலையும் மயிர்க்கூச்சத்தையும் அடையாளங்களாகச் சொல்கிறது என்றாலும், இவ்விரு மரபுகளும் ஒரே துணைக்கண்டத்தில் வளர்ந்தவை, ஒன்றையொன்று அறிந்திருக்கக் கூடியவை. எனவே அவற்றைத் தொடர்பற்ற இரு சாட்சிகளாக எண்ணுவது நேர்மையாகாது. அவை உறுதியாகக் காட்டுவது ஒன்றைத்தான்: இவ்வுணர்வு தற்கால மேலை உளவியல் கண்டுபிடித்த புதுச் சரக்கு இல்லை. இத்தனைக்கும், 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் முகபாவங்களை ஆராய்ந்து உலகப் பொதுவான உணர்ச்சிகள் இவை என்று பால் எக்மன் முன்வைத்த புகழ்பெற்ற பட்டியலில் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, திகைப்பு ஆகிய ஆறு மட்டுமே இருந்தன. பெருவியப்பு அதில் இல்லை.

மேலே செல்வதற்கு முன் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். ‘எல்லாருக்கும் பொதுவானது’ என்பதும் ‘உயிரியலில் வேரூன்றியது’ என்பதும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் போலப் பேசப்படுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகள். உணவைச் சமைத்து உண்ணும் வழக்கம் எல்லா மனிதச் சமூகங்களிலும் இருக்கிறது, ஆயினும் சோறு வடிக்கத் தெரிந்து யாரும் பிறப்பதில்லை. அது தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறனோ முழுக்க மரபணுவைச் சார்ந்தது, ஆனால் உலக மக்களில் பெரும்பகுதியினருக்கு அது இல்லை. ஆகவே, பல நாடுகளில் பெருவியப்பு காணப்படுகிறது என்பது மட்டும் அதன் உயிரியல் வேரை மெய்ப்பிக்காது. உடலில் அதன் தடம் தெரிகிறது என்பது மட்டும் அது எல்லாருக்கும் பொதுவானது என்று ஆக்கிவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே சான்று தேட வேண்டும்.

முதல் கேள்விக்குக் கிடைத்திருக்கும் சான்றுகள் ஓரளவு வலுவானவை. கெல்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 26 நாடுகளிலிருந்து 2,600 பேரின் பெருவியப்பு அனுபவங்களை அவரவர் சொற்களில் எழுதி வாங்கிப் பகுத்தபோது, எல்லா இடங்களிலும் மக்கள் இவ்வுணர்வை அடையாளம் கண்டு விவரித்தார்கள். அவர்களை அதிகம் வியக்க வைத்தது மலையும் கடலும் என்றுதான் நாம் ஊகித்திருப்போம். அந்த ஊகம் பொய்த்தது. பிற மனிதரின் துணிவு, இரக்கம், துன்பத்தை எதிர்கொண்ட விதம் ஆகியவையே முதலிடத்தில் இருந்தன. யாங் பாய் தலைமையில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் காண வந்த பல நாட்டுப் பயணிகளிடம் தங்களைத் தாங்களே படமாக வரையச் சொன்னது. சான் பிரான்சிஸ்கோவின் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் என்னும் கடலோரச் சுற்றுலாப் பகுதியில் அதே பணியைச் செய்தவர்களைவிடப் பள்ளத்தாக்கின் முன் நின்றவர்கள் தங்களைச் சிறிதாக வரைந்தார்கள். ‘நான்’ என்பது சுருங்கும் இந்த விளைவே இத்துறையில் அடிக்கடி வெளிப்பட்ட கண்டுபிடிப்புகளுள் ஒன்று. மூன்றாவதாக, ராபர்ட் மெக்ரே ஏறத்தாழ 50 பண்பாடுகளிலிருந்து திரட்டப்பட்ட ஆளுமைத் தரவுகளை ஆராய்ந்து, கவிதையோ கலைப்பொருளோ தரும் மெய்சிலிர்ப்பு அவ்வளவு பண்பாடுகளிலும் புதிய அனுபவங்களை விரும்பும் குணத்தோடு தொடர்புடையதாக இருப்பதை 2007இல் காட்டினார்.

பொதுத்தன்மை இருக்கும் இடத்திலேயே வேறுபாடும் இருக்கிறது. அமெரிக்கர்களின் பெருவியப்பு பெரும்பாலும் இனிமை கலந்தது; சீனப் பங்கேற்பாளர்களிடம் அதனோடு அச்சம் கலந்து வருவது அவர்களைவிட மிகுதி என்று ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுகின்றன. நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் முன்னிலையில் நிற்கும் சேலத்துக்காரரிடம், அவர் உணர்வது வியப்பா, பயமா, பக்தியா என்று பிரித்துக் கேட்டால், கேள்விதான் அவருக்கு விசித்திரமாகத் தோன்றும். இந்த இடத்தைத்தான் லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற ஆய்வாளர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மூளைக்குள் சினத்துக்கு ஒன்று, அச்சத்துக்கு ஒன்று, வியப்புக்கு ஒன்று என்று பிறவியிலேயே பொருத்தப்பட்ட தனித்தனிச் சுற்றுகள் கிடையாது என்பதும், உடலிலிருந்து வரும் பொதுவான சமிக்ஞைகளை மூளை தான் கற்ற கருத்துகளைக் கொண்டு பொருள்படுத்தும்போதுதான் ஓர் உணர்ச்சி கட்டமைக்கப்படுகிறது என்பதும் அவர்களின் வாதம். அதை ஏற்றால், உலகெங்கும் கேள்வித்தாளில் ‘ஆம், உணர்ந்திருக்கிறேன்’ என்று எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றையே உணர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

எனவே உடலிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மெய்சிலிர்ப்பு என்பது என்ன? தோலில் உள்ள மயிர்களின் வேரை ஒட்டி மிகச் சிறிய தசைகள் இருக்கின்றன. அவை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுபவை இல்லை. ஆபத்தை எதிர்கொள்ள உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலத்திலிருந்து வரும் தூண்டலால் அவை சுருங்கும்போது மயிர் நிமிர்கிறது, தோல் புள்ளி புள்ளியாகப் புடைக்கிறது. அடர்ந்த மயிருள்ள விலங்குகளுக்கு இதனால் இரு பயன்கள் உண்டு: குளிரில், நிமிர்ந்த மயிர்களுக்கிடையே காற்று சிறைப்பட்டு உடல் வெப்பம் காக்கப்படுகிறது, பகையின் முன், உடல் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நாயைக் கண்டு முதுகை வளைத்து மயிர் சிலிர்த்து நிற்கும் பூனையைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் இந்த மயிர்சிலிர்ப்பை விரிவாகவே ஆராய்ந்தார். மனிதருக்கு உடல்மயிர் அடர்த்தியாக இல்லாமல் போன பிறகும் தசையும் நரம்பும் அப்படியே நிலைத்துவிட்டன. குளிரிலும் அச்சத்திலும் இயங்கும் அதே பொறிதான் நாதசுரத்தில் ஒரு ராகம் உச்சத்தைத் தொடும்போதும் இயங்குகிறது.

மெய்சிலிர்ப்பு உயிரியல் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பெருவியப்பின் முத்திரையாகக் கொள்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பதே என் எண்ணம். மார்கழி விடியலில் ஏற்காடு ஏரிக்கரையில் நிற்பவரின் கையும் சிலிர்க்கும். அதில் வியப்புக்குப் பங்கு இருக்க வேண்டிய தேவையில்லை. பெருவியப்பு சிலிர்ப்பு இன்றியும் வரும். மேலும், மிஷெல் ஷியோட்டாவும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட சோதனையில், பிரம்மாண்டமான காட்சிகளைப் படங்களில் பார்த்தவர்களின் இதயத்தின் மீது பரிவு நரம்பு மண்டலத்தின் பிடி தளர்ந்தே காணப்பட்டது. மயிரைச் சிலிர்க்க வைக்கும் மண்டலம் இதயத்தளவில் அடங்கியிருக்கிறது என்பது முரண்போலத் தோன்றும். இதற்கு ஒரு விளக்கத்தை 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு தந்தது: புயல், இடி, வெள்ளம் போன்ற அச்சுறுத்தும் பெருமைகளின் முன் எழும் வியப்பும், மலைமுகட்டுக் காட்சி போன்ற பாதுகாப்பான பெருமைகளின் முன் எழும் வியப்பும் உடலில் ஒரே தடத்தைப் பதிப்பதில்லை. முன்னதில் உடல் கிளர்ச்சியடைகிறது, கையறுநிலை மேலோங்குகிறது. பின்னதில் உடல் அசைவற்றுக் கவனிக்கிறது. அப்படியானால், ஒரே பெயரின் கீழ் நாம் பேசுவது ஒரு தனி உணர்வா, ஓர் உணர்வுக் குடும்பமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. குடும்பம் என்று கொள்வதே தரவுகளுக்கு நெருக்கமானது.

மூளையைப் பற்றிய செய்திகள் இன்னும் தொடக்க நிலையில்தான் உள்ளன. மிகியேல் வான் எல்க் என்பவரும் அவருடைய குழுவினரும் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வியப்பூட்டும் காணொளிகளில் ஆழ்ந்திருந்தவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட வலையமைப்பின் செயல்பாடு குறைந்திருந்தது. வேலை எதுவும் இல்லாமல் நாம் நம்மைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும்போது, நேற்று நடந்ததையும் நாளை செய்யப்போவதையும் அசைபோடும்போது, முனைப்பாக இயங்கும் வலையமைப்பு அது. பள்ளத்தாக்கின் முன் நின்றவர்கள் தங்களைச் சிறிதாக வரைந்ததோடு இது நன்கு பொருந்துகிறது என்பதாலேயே கவனத்துக்குரியது.

கற்பிப்பவர் எவரும் இல்லாத இடங்களிலிருந்தும் சில சான்றுகள் வருகின்றன. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளைப் பல பத்தாண்டுகள் கவனித்த ஜேன் குடால், அருவியை நெருங்கும் ஆண் சிம்பன்சிகள் மயிர் சிலிர்க்க, கால் மாற்றிக் கால் ஊன்றித் தாளகதியில் ஆடுவதையும், கொடிகளில் தொங்கி வீசுவதையும், கல்லெறிவதையும், சில வேளைகளில் பிறகு அமர்ந்து விழும் நீரையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பதிவு செய்தார். மனிதரின் சமய உணர்வுக்கு வித்தான வியப்பு இதுவாக இருக்கலாமோ என்று அவர் ஊகித்தார். மழைக்காலத்தில் கிளியூர் அருவியின் முன் ஆர்ப்பரிக்கும் இளைஞர் கூட்டத்தை நினைத்தால் இந்த ஊகம் மனத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது, அதனாலேயே அதில் எச்சரிக்கையும் வேண்டும். ஆண் சிம்பன்சிகள் இதே ஆட்டத்தை ஒன்றையொன்று மிரட்டவும் ஆடுகின்றன, அவற்றிடம் கேட்டறியும் வழியும் நமக்கு இல்லை.

எனக்கு இதைவிட உறுதியாகத் தோன்றுவது கைக்குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனை. எமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு பந்து திடமான சுவரை ஊடுருவிச் செல்வது போன்ற காட்சி காட்டப்பட்டது. அதைக் கண்ட குழந்தைகள் அந்தப் பந்தையே விரும்பி எடுத்து, அது திடப்பொருள்தானா என்று சோதிப்பதுபோல் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பொருள் பிடிமானமின்றி அந்தரத்தில் நின்றதைக் கண்ட குழந்தைகளோ அதைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். இது முழுமையான பெருவியப்பு இல்லை. ஆயினும், எதிர்பார்ப்பு உடையும் இடத்தில் கவனத்தைக் குவித்து, அறிவை விரித்துக்கொள்ள முனையும் அந்த இரண்டாம் நிபந்தனை, பேச்சு வருவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. பெருவியப்பு நமக்கு ஏன் வாய்த்தது என்பதற்குச் சொல்லப்படும் பரிணாமக் காரணங்களுள், வலிய தலைவனின் முன் பணிந்து நிற்கும் பழைய உணர்விலிருந்து இது கிளைத்தது என்ற கெல்ட்னர், ஹைட் இருவரின் ஊகத்தைவிட, புதிய செய்தியை விழுங்கிக்கொள்ள மூளையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது என்ற விளக்கத்தை நான் ஏற்பதற்கு இக்குழந்தைகளே காரணம். இரண்டுமே இன்னும் ஊகங்கள்தாம்.

உடல்நலம் பற்றிய செய்திகளை இணையத்தில் அதிகம் காணலாம் என்பதால் அதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். ஜெனிஃபர் ஸ்டெல்லரும் மற்றவர்களும் 2015இல், பெருவியப்பை அடிக்கடி உணர்வதாகச் சொன்னவர்களின் உடலில் அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூக்கின்-6 என்னும் புரதத்தின் அளவு குறைவாக இருந்ததைக் கண்டார்கள். வியப்பு அழற்சியைக் குறைத்ததா, நலமாக இருப்பவர் அதிகம் வியக்கிறாரா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது.

இனி, ஏற்காட்டில் எழக்கூடிய ஓர் எதிர்வாதத்தைப் பார்க்கலாம். லேடீஸ் சீட் அருகே சோளக்கதிர் சுட்டு விற்பவரும், காபித் தோட்டத்துக்கு நாள்தோறும் நடந்து செல்லும் பெண்களும் அதே பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். உயிரியலில் வேரூன்றிய உணர்வு என்றால் அவர்களுக்கு மட்டும் ஏன் அது வருவதில்லை? வரையறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. பள்ளத்தாக்கின் பெருமை குறையவில்லை, ஆனால் அவர்களின் மனச்சட்டகம் அதை எப்போதோ உள்வாங்கி விரிந்துவிட்டது. இனி அதன் முன் விரிய வேண்டிய தேவை இல்லை. தொல்காப்பியர் புதுமையைப் பெருமைக்கு முன்னால் வைத்ததற்கு இப்படி ஒரு பொருத்தம் காணலாம். அதே பெண்கள், சேர்வராயன் மலை உச்சியின் குகைக்கோயில் திருவிழாவில் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் ஒன்றுகூடும்போது, வெளியூர்க்காரர் உணராத ஒன்றை அங்கே உணரக்கூடும். வெளியூர்க்காரருக்கு அக்குகை குனிந்து நுழைய வேண்டிய ஓர் இடுக்கு மட்டுமே. எதன் முன் வியப்பது என்பதையும், அதில் அச்சம் எவ்வளவு கலக்கலாம் என்பதையும் பிறந்த இடமும் வளர்ப்பும் தீர்மானிக்கின்றன. வியக்கும் ஆற்றல் மட்டுமே உடலோடு வருகிறது.

இதை மலையிலேயே சோதிக்க விரும்பும் உளவியல் மாணவர், காட்சிமுனையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளிடம் மட்டும் படிவத்தை நீட்டுவாரானால், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடமே நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த உளவியலின் பழைய குறையை இங்கும் கொண்டுவந்தவராவார். பயணிகளையும் மலைவாழ் மக்களையும் காட்சிமுனை, கோயில் ஆகிய இரண்டு இடங்களிலும் சந்தித்து, இதயத்துடிப்பையும் தோலின் சிலிர்ப்பையும் கருவியால் அளந்து, என்ன உணர்ந்தார்கள் என்பதை விடைகளைப் பட்டியலிட்டு டிக் அடிக்கச் சொல்லாமல் அவரவர் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். கருவி காட்டுவதும் பேச்சு சொல்வதும் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன, எந்த இடத்தில் விலகுகின்றன என்பதுதான் அங்கே தரவு.